எங்கள் சீட்டில் ஒரு வரி எழுதிக் கொடுங்கள், டாக்டர்

மதுரையில் கிட்னி, சுகர், இருதயம் என்று நாள்பட்ட நோய்களுக்கு வைத்தியம் பார்க்கும் மருத்துவர்களுக்கு வணக்கம்.

உங்களில் ஒருவர் ஒரு கூட்டத்தில் பேசிய வீடியோவைப் போன வாரம் என் தம்பி அனுப்பியிருந்தான். தடுப்பூசி என்றாலே நோயாளிகள் பயப்படுகிறார்கள், எவ்வளவு சொன்னாலும் கேட்பதில்லை என்று வருத்தப்பட்டார். ‘எவ்வளவு சொன்னாலும்’ என்ற வார்த்தையை என்னால் தாண்டிப் போக முடியவில்லை. எங்கள் வீட்டில் யாரும் கேட்காமல் இருக்கவில்லை. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை.

அப்பாவுக்கு 61 வயது. ஊர் உசிலம்பட்டி பக்கம். மூன்று வருடமாக டயாலிசிஸ். ஆரம்பித்த புதிதில் ‘மஞ்சக்காமாலை ஊசி போட்டுக்கோங்க’ என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். ஹெபடைடிஸ் பி என்று அதில் இருந்தது, ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய். ஏன், எத்தனை ஊசி, எப்போது என்று எதுவும் இல்லை. முதல் ஊசி போட்டோம். இரண்டாவது போட்ட ராத்திரி லேசாகக் காய்ச்சல் அடித்தது. அதே வாரம், அதே ஊசி போட்டிருந்த பக்கத்து பெட்காரர் மாரடைப்பில் இறந்துபோனார். ஏற்கெனவே இருதயக் கோளாறு உள்ளவர்தான். ஆனால் வார்டு முழுக்க ஒரே பேச்சு, ‘ஊசி போட்டதும் போயிட்டாரு’ என்று. அப்பா டெக்னீஷியனைக் கேட்டார். டாக்டரைக் கேட்கச் சொன்னார். டாக்டரைக் கேட்டார். ‘போட்டா நல்லதுதான், உங்க இஷ்டம்’ என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த பெட்டுக்கு நகர்ந்தார்.

எங்கள் ஊர்ப் பக்கம் டாக்டர் ‘உங்க இஷ்டம்’ என்றால், நான் பொறுப்பில்லை என்று அர்த்தம். அப்பா அதோடு நிறுத்திவிட்டார்.

அந்த ஊசியில் உயிருள்ள கிருமி கிடையாது, அதனால் காமாலை வராது என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிட்னி போனவர்களின் உடம்பில் ஊசி குறைவாகத்தான் பிடிக்கும். அதனால் மற்ற பெரியவர்களுக்கு 20 மைக்ரோகிராம் என்றால் இவர்களுக்கு 40. முதல் ஊசி, ஒரு மாதம், இரண்டு மாதம், ஆறு மாதம் என்று நான்கு தடவை. பிஸ்டுலா, அதாவது டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்து வைத்த இடம், உள்ள கையில் போடக் கூடாது. முடிந்து ஓரிரு மாதத்தில் ரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தி வந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். டயாலிசிஸ் வரை போகும் முன்பே போட்டிருந்தால் இன்னும் நன்றாகப் பிடிக்குமாம். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் போதும்.

மறு வருடம் ரத்தப் பரிசோதனையில் அப்பாவுக்கு ஹெபடைடிஸ் பி பாசிட்டிவ் என்று வந்தது. எங்கிருந்து தொற்றியது என்று எனக்குத் தெரியாது, யார் மேலும் பழி போடவில்லை. ஆனால் பாசிட்டிவ் ஆனவருக்குத் தனி மெஷின் வேண்டும். பழைய இடத்தில் தனி மெஷின் இல்லை. இப்போது போகும் இடத்தில் ராத்திரி ஷிஃப்ட்தான் கிடைத்தது. நான்கு மணி நேரம் முடிந்து வெளியே வரும்போது நடுராத்திரி தாண்டிவிடும். பஸ்ஸுக்காக ஆரப்பாளையத்தில் விடியும்வரை உட்கார்ந்திருக்கிறோம், வாரம் மூன்று ராத்திரி. பிரஷர் இறங்கித் தலை சுற்றும், அதனால் என் தோளில் சாய்ந்துகொள்வார். ஊசி குத்திய கையில் துண்டைச் சுற்றி, யாரும் இடித்துவிடாமல் மடியில் வைத்திருப்பார். டீ வாங்கிக் கொடுத்தால் பாதிதான் குடிப்பார், தண்ணீருக்கு அளவு உண்டே. மீதியைக் கீழே ஊற்றாமல், சூடு ஆறும்வரை டம்ளரைக் கையிலேயே வைத்திருப்பார்.

அதனால்தான் கேட்கிறேன். எந்தத் தடுப்பூசி போடலாம், எது வேண்டாம், எத்தனை, எப்போது என்று நோயாளியின் சீட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

எழுத நேரமில்லை என்பீர்கள். 2021 மார்ச்சில் 45 வயதிலிருந்து 59 வயதுக்குள் இருந்தவர்களுக்கு இணைநோய்ச் சான்று இருந்தால்தான் கொரோனா ஊசி. அப்போது எழுதிக் கொடுத்தீர்களே. சுகருக்காக அப்பாவும் வாங்கி வைத்திருந்தார். ஏப்ரலில் நடிகர் விவேக் ஊசி போட்ட இரண்டாம் நாள் இறந்தார். அப்பா அந்தச் சான்றை மடித்து பீரோவில் வைத்துவிட்டார். அந்த மரணத்துக்கு ஊசி காரணமில்லை என்று அரசின் ஆய்வுக்குழு பல மாதம் கழித்துச் சொன்னது. மரணச் செய்தி வந்த வேகத்தில் அது எங்கள் தெருவுக்கு வரவில்லை. அந்த டிசம்பரில், ஊசி போடாதவர்களுக்கு மதுரையில் பொது இடங்களில் அனுமதி இல்லை என்று அறிவிப்பு வந்த பிறகுதான் அப்பா போய்ப் போட்டார். பயந்து போட்டார், புரிந்து போடவில்லை. பயம் போனதும் அடுத்த ஊசிக்கு ஆள் வராது. அப்புறம் ஜனங்களுக்கு அறிவில்லை என்று மேடையில் பேசுவது நியாயமா? நாங்கள் தினமும் எட்டு மாத்திரையை வேளை தவறாமல் விழுங்குகிறவர்கள். உங்கள் பேச்சை நம்பாதவர்கள் அப்படிச் செய்வார்களா?

குழந்தை பிறந்தால் ஊசி அட்டை கொடுக்கிறீர்கள். 2011 டிசம்பரில் தமிழ்நாட்டுக்கு வந்த ஐந்து நோய்த் தடுப்பூசியிலேயே ஹெபடைடிஸ் பி இருக்கிறது. என் மகனின் அட்டையில் எல்லாக் கட்டத்திலும் தேதி போட்டிருக்கிறது. அவன் தாத்தாவிடம் இருந்தது தேதியில்லாத ஒரு துண்டுச் சீட்டு.

கோபத்தில் ஏதாவது அதிகமாகச் சொல்லியிருந்தால் மன்னியுங்கள். உங்களுக்கு முன்னால் எவ்வளவு நீளமாக வரிசை நிற்கிறது என்று எனக்குத் தெரியும், அதில் நின்றவள்தான் நான். அம்மாவுக்கும் சுகர், இப்போது கிட்னியில் லேசாகக் கோளாறு ஆரம்பித்திருக்கிறது என்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை அவரைக் கூட்டிக்கொண்டு உங்களில் ஒருவரிடம் வருகிறேன். நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி, முதல் பக்கத்தில் ‘தடுப்பூசி’ என்று தலைப்புப் போட்டு வைத்திருக்கிறேன். அதில் எழுதிக் கொடுங்கள், டாக்டர்.

இப்படிக்கு,
டயாலிசிஸ் நோயாளி ஒருவரின் மகள்,
உசிலம்பட்டி வட்டாரம்