துக்கத்தைப் பாடக் கூடாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், நாங்கள் தயாரித்துவரும் தனுஷ்கோடி இசை நாடகத்தைப் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 'பிணங்களின் மேல் பாட்டுக் கட்டி நன்கொடை திரட்டுகிறார்கள்' என்று அதில் ஒரு வரி. எழுதியவர் எங்கள் ஒத்திகைக்கு வந்து, தரையில் எங்களோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனவர். மனத்தில் இருந்ததை அங்கேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

தனுஷ்கோடியைப் புயல் அழித்த 1964 டிசம்பர் 22 இரவில் எனக்கு ஒன்பது வயது. நாங்கள் பாம்பனில் இருந்தோம். அத்தையும் அவருடைய இரண்டு பிள்ளைகளும் தனுஷ்கோடியில், ரயிலடிக்குப் பக்கத்தில் இருந்தார்கள். நள்ளிரவுக்குச் சற்று முன்பு பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் வண்டி தனுஷ்கோடிக்குப் போய்ச் சேரவில்லை. நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடல் அதை வாரிக்கொண்டது. அத்தை வீட்டில் ஒருவருடைய உடலும் கிடைக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மார்கழியிலும் அம்மா திண்ணையில் கிழக்கே பார்த்து உட்கார்ந்து, 'மதினி, மதினி' என்று ஒப்பாரி வைப்பார். அவர் கண்மூடும்வரை அது நிற்கவில்லை. அந்த ஒப்பாரிதான் எங்கள் நாடகத்தின் முதல் பாட்டு. அதில் ஒரு சொல்லைக்கூட நான் மாற்றவில்லை.

துக்கத்தைப் பாடுவது நமக்குப் புதிதா? 1876-78இல் வந்த தாது வருடப் பஞ்சத்தைக் கும்மியில் பாடியவர்கள் நம் முன்னோர். அரிச்சந்திரா நாடகத்தின் மயான காண்டத்தில் சந்திரமதி மகனைப் பறிகொடுத்துப் பாடும்போது, விடியற்காலையிலும் ஊர் விழித்திருந்து அழுவதைத் தாங்கள் பார்க்காமலா இருந்திருப்பீர்கள்? அங்கே யாரும் பிணத்தின் மேல் பாட்டு என்று சொன்னதில்லை. நாடகத்துக்குத் தாளமும் ஓசைகளும் எழுப்பும் எங்கள் ஆல்ரவுண்டுக்காரர் ஒரு தகரத்தையும் இரண்டு குச்சிகளையும் வைத்துக்கொண்டு அந்த இரவின் காற்றை எழுப்புகிறார். முதல் ஒத்திகையில் அதைக் கேட்ட ஒரு முதியவர் எழுந்து வெளியே போய்விட்டார். மறுநாள் தன் பேத்தியையும் அழைத்துக்கொண்டு வந்தார்.

சொல்ல வந்தது ஒரு வரியைப் பற்றித்தான். ஆனால் எத்தனையோ ஆண்டுகளாக அடக்கி வைத்தது இது. டிசம்பர் வந்தால் தங்கள் இதழில் இடிந்த தேவாலயத்தின் படம் வரும், மேலே 'பேய் நகரம்' என்ற தலைப்பும் வரும். அங்கே இன்றும் குடிசை போட்டு வலை பின்னிக்கொண்டிருக்கும் மீனவர்கள் பேய்களா? எழும்பூரில் டிக்கெட் வாங்கினால் தனுஷ்கோடி வந்து, கப்பலேறி, தலைமன்னார் வழியே கொழும்பு வரை போகலாம் என்றிருந்த காலத்தில் அந்த ஊர் பேசிய பேச்சு என்ன, சமைத்த மீன் என்ன என்று ஒரு வரி வந்ததுண்டா? பாம்பன் பாலத்தை 46 நாளில் சீர்செய்தார்கள். பெரிய சாதனைதான், நானும் வணங்குகிறேன். ஊரையோ வாழத் தகுதியற்றது என்று அறிவித்ததோடு சரி. மாண்டவர்கள் ஏறத்தாழ 1,800 பேர் என்கிறார்கள். அந்த 'ஏறத்தாழ'வுக்குள்தான் என் அத்தையும் இருக்கிறார்.

நன்கொடை என்றீர்கள். நான்கு மாதம் அலைந்து சேர்த்தது 41,300 ரூபாய். ஒரு விசைப்படகு உரிமையாளர் 5,000 கொடுத்துவிட்டு, பெயர் போட வேண்டாம் என்றார். மீன் விற்கும் அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்து, ஈரக் கையால் 20 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். ஓர் அலுவலகத்தில் மூன்று முறை மனுவைத் திருப்பினார்கள். ஒரு பெரிய கடையில், நடுவே இரண்டு நகைச்சுவைக் காட்சி சேர்த்தால் பணம் தருவதாகச் சொன்னார்கள். அந்தப் பணம் வேண்டாம் என்று வந்துவிட்டோம். சேர்ந்ததெல்லாம் ஆர்மோனியக்காரருக்கும் மிருதங்கக்காரருக்கும் பஸ் செலவுக்கும் போகிறது. கணக்கு நோட்டு என்னிடம் இருக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்.

தங்களிடம் நான் கேட்பது பெரிதொன்றுமில்லை. அந்த வரிக்கு ஒரு சிறு திருத்தம் வெளியிடுங்கள். அதோடு, ஏற்கெனவே இருமுறை அனுப்பியும் வராத நான்கு வரி அறிவிப்பையும் இம்முறையாவது போடுங்கள். அது இதுதான்: டிசம்பர் 22 இரவுக்கு வாடகையில்லாமல் ஒரு மண்டபம் தரக்கூடியவர்களும், 1964க்கு முந்திய தனுஷ்கோடிப் படங்களை வைத்திருப்பவர்களும் தங்கள் அலுவலகம் வழியாக எங்களுக்குத் தெரிவிக்கலாம். படங்களைப் படியெடுத்துக்கொண்டு மூலத்தைத் திருப்பித் தந்துவிடுவோம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர்,
ராமேசுவரம்.