நெம்மாறா வேலைத் திருவிழாவில் கைகொடுத்த அண்ணனுக்கு

மலையாள மீன மாதம் 20, பாலக்காடு பக்கத்து நெம்மாறா–வல்லங்கி வேலை, அதாவது கோயில் திருவிழா. கோவிந்தாபுரத்திலிருந்து அம்மாவையும் மகளையும் கூட்டிப் போயிருந்தேன். நெம்மாறா, வல்லங்கி இரண்டு தேசத்தாரும் (ஊர்க்காரர்களும்) போட்டி போட்டு வெடி விடுவார்கள், தெரியும்தானே. சாயங்கால வெடிக்கெட்டு (வாணவேடிக்கை) முடிந்ததும் வயலில் நின்ற கூட்டம் மொத்தமும் ஒரே பக்கமாகத் திரும்பியது. அம்மாவுக்கு மூச்சு முட்டியது.

"எதிர்த்துத் தள்ளாதீங்க. கூட்டத்தோட நடந்துட்டே கொஞ்சம் கொஞ்சமா ஓரத்துக்கு வாங்க" என்று பின்னாலிருந்து ஒரு குரல். நீங்கள்தான். கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைக்கச் சொன்னீர்கள். மூச்சு விட அந்த இடைவெளியே போதுமாக இருந்தது. மகளைத் தோளில் தூக்கிக்கொண்டீர்கள். வரப்பில் அம்மாவை உட்காரவைத்து, இஞ்சி தட்டிப்போட்ட சம்பாரம் (மோர்) வாங்கித் தந்தீர்கள். என்ன ருசி அது!

அப்புறம் பேனாவை எடுத்து மகளின் முன்கையில் என் நம்பரை எழுதினீர்கள். "கூட்டத்துல டவர் கிடைக்காது, தவறிட்டா எங்க சந்திக்கிறதுன்னு இப்பவே பேசி வெச்சுக்கங்க. யானைக்குப் பின்னால மட்டும் போகாதீங்க." குளித்தும் அந்த மை லேசில் போகவில்லை.

பேர் கேட்பதற்குள் போய்விட்டீர்கள். ரொம்ப நன்றி அண்ணா. இதைப் பார்த்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள், அம்மா உங்களைச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்.