பெரியம்மா யானைக்கால் பத்தி கேட்டிருந்தியே

மாப்ள,

நீ மெயில் போட்டு மூணு வாரமாச்சு, கோவிச்சுக்காத, லேப்ல மாட்டிக்கிட்டேன். வெறும் தண்ணி மட்டும் ஊத்தின டியூப்ல யானைக்கால் புழுவோட டிஎன்ஏ இருக்குன்னு பிசிஆர் (டிஎன்ஏவ பல மடங்கா பெருக்கிக் கண்டுபிடிக்கற சோதனை) காட்டிருச்சு, அப்படின்னா எங்கயோ கலந்துபோச்சுன்னு அர்த்தம், அந்த செட் முழுசும் தூக்கிப் போட்டுட்டு பைப்பெட்டுல இருந்து எல்லாத்தையும் கழுவி முதல்ல இருந்து ஆரம்பிச்சோம்.

வேலை இதான். சாக்கடை ஓரமா வைக்கோல் ஊறவெச்ச தண்ணிய டிரேல வெச்சிட்டு வருவோம், அந்த நாத்தத்துக்கு முட்டையிடற க்யூலெக்ஸ் கொசு, அதான் இந்தப் புழுவப் பரப்பறது, தேடி வரும், வர்றது பெரும்பாலும் ஏற்கனவே ரத்தம் குடிச்சது. இருபத்தஞ்சு இருபத்தஞ்சா டியூப்ல போட்டு அரைச்சு, யானைக்கால் புழுவோட டிஎன்ஏல திரும்பத் திரும்ப வர்ற ஒரு துண்டைத் தேடுவோம். அத்தனை கொசுல ஒரே ஒரு குட்டிப் புழு இருந்தாக்கூட மாட்டும். முன்னாடி ஒவ்வொரு கொசுவையா ஊசியால கிழிச்சு மைக்ராஸ்கோப்ல பாத்தாங்க, நானும் பாத்திருக்கேன், கண்ணு போயிரும்.

பெரியம்மா ரத்தத்துல இன்னும் புழு இருக்குமா, வீட்ல குழந்தைங்க இருக்கேன்னு கேட்டிருந்த. மாப்ள, கால் அந்தளவுக்கு வீங்கினவங்க ரத்தத்துல பெரும்பாலும் குட்டிப் புழு இருக்கவே இருக்காது. பெரிய புழு, உடம்புல தேங்கற நீரை வடிக்கற நெணநீர்க் குழாய்க்குள்ள வருஷக்கணக்கா குடியிருந்து அதைக் கெடுத்துட்டுப் போயிரும், புழு செத்தாலும் வீக்கம் அப்படியே இருக்கும். பரப்புறது யாருன்னா கால் கை நல்லா இருக்கற ஆளுங்க. ராத்திரி பத்து மணிக்கு மேல ஒரு தெருவுல ரத்தம் எடுத்தோம், அந்த நேரத்துலதான் குட்டிப் புழு தோல் பக்கத்து ரத்தத்துக்கு வரும், கபடி ஆடற பையன் ஒருத்தனோட ஸ்லைடுல சிவப்பணுவெல்லாம் தள்ளிவிட்டுக்கிட்டு சாட்டை மாதிரி துள்ளுது. அவனுக்கு ஒரு தொந்தரவும் இல்ல. 1872லயே கல்கத்தாவுல லூயிஸ்ங்கற டாக்டர் மனுஷ ரத்தத்துல இதைப் பாத்து எழுதிட்டார், இன்னும் நம்ம ஊர்ல "எனக்குத்தான் ஒண்ணும் இல்லையே, எனக்கு எதுக்கு மாத்திரை"ன்னு டிஇசிங்கற புழு மாத்திரைய வாங்கி ஜன்னல்ல வெச்சிடறாங்க.

இத நினைச்சாத்தான் மனசு கேக்கல. கல்யாண வீட்ல பெரியம்மாவ தனியா பந்தியில உக்கார வெச்சாங்க, நாம ரெண்டு பேரும் பாத்துக்கிட்டுதான இருந்தோம், நானும் ஒண்ணும் சொல்லல. அவங்கள்ட்ட இருந்து யாருக்கும் ஒட்டிருக்காது.

டாக்ஸிசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் பத்தி படிச்சேன்னு சொன்ன, அது புழுவுக்குள்ள வாழற உல்பாக்கியாங்கற பாக்டீரியாவ அழிக்கும், அது போனா புழு குட்டி போடாது, ஆனா வீங்கின கால் பழையபடி ஆயிடாது, டாக்டரக் கேக்காம வாங்கிக் குடுத்துடாத. அதுக்கு முன்னாடி செய்யவேண்டியது ஒண்ணு இருக்கு. தினமும் சோப்பு போட்டு கால அலம்பி, விரல் இடுக்கு, தோல் மடிப்புல எல்லாம் மெத்துனு துணியால ஒத்தி ஈரமில்லாம தொடைக்கணும், புண் இருந்தா மருந்து போடணும், உக்காரும்போது கால உயரமா வெச்சுக்கச் சொல்லு. வருஷத்துல நாலஞ்சு தடவ நெறி கட்டி குளிர்காய்ச்சல் வருதுல்ல, அது தோல்ல இருக்கற வெடிப்பு வழியா கிருமி உள்ள போய்த்தான் வருது, ஒவ்வொரு காய்ச்சலுக்கும் வீக்கம் ஏறும்.

பொங்கலுக்கு கும்பகோணம் வரேன், முதல் நாள் நானே கழுவிக் காட்டறேன், நீயும் பக்கத்துல இரு, அப்புறம் நீ பாத்துக்க.