எத்தனை நானோகிராம் என்பதல்ல கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

அமெரிக்க மாநிலங்களில் கஞ்சா சட்டபூர்வமாகிவருவது பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். மதுவுக்கு ரத்தத்தில் 0.08 சதவீதம் என்று வரம்பு இருப்பதுபோல் கஞ்சாவுக்கும் ஓர் அளவு வைத்துவிட்டால் போதையில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடித்துவிடலாம் என்று கட்டுரையாளர் முடித்திருந்தார். அது அவ்வளவு சுலபமில்லை.

அளவு வைத்த மாநிலங்கள் ஏற்கெனவே இருக்கின்றன. வாஷிங்டனில் ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் 5 நானோகிராம் டிஎச்சி (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இருந்தால் குற்றம். ஒஹாயோவில் 2 போதும். கொலராடோவிலும் 5தான், ஆனால் அங்கே ஓட்டியவர் போதையில் இருந்ததாக ஜூரி எடுத்துக்கொள்ளலாம், கட்டாயமில்லை.

குடித்தவரை ஊதச் சொன்னால் ஓரளவு தெரிந்துவிடும். கஞ்சா அப்படியில்லை. புகைத்த சில நிமிடங்களில் ரத்தத்தில் டிஎச்சி உச்சத்துக்குப் போய் மளமளவென்று இறங்கிவிடும். போதை அதற்குப் பிறகும் நிற்கும். போலீஸார் வண்டியை நிறுத்தி, வாரன்ட் வாங்கி, ஊசி போட்டு ரத்தம் எடுப்பதற்குள் கணக்கு மாறிவிடுகிறது. தினமும் இழுப்பவருக்கோ, தெளிந்து நாளான பிறகும் ரத்தத்தில் தென்படும். ஆக, மாட்ட வேண்டியவர் தப்பலாம், தெளிவாக ஓட்டியவர் மாட்டலாம். ரத்தத்தில் உள்ள அளவைக் கொண்டு போதையைக் கணிக்க முடியாது என்று மத்திய சாலைப் பாதுகாப்பு நிர்வாகமே 2017இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸுக்குத் தந்த அறிக்கையில் சொல்லியிருக்கிறது.

நான் இருக்கும் நியூ ஜெர்சியில் இப்படி ஓர் எண்ணே கிடையாது. போதையைக் கண்டறியவென்றே பயிற்சி பெற்ற போலீஸ்காரர் 12 படிகளில் சோதிக்கிறார். நாடியை மூன்று முறை பார்ப்பார். இருட்டறையில் கண்மணியின் அகலத்தை அளப்பார். கண்ணை மூடி நிற்க வைத்து, 30 வினாடி ஆனதும் சொல்லச் சொல்வார். போதையில் இருப்பவருக்கு நேரக் கணக்கு தப்பும். இப்படிச் சோதித்த போலீஸ்காரரின் சாட்சியத்தைச் சில கட்டுப்பாடுகளோடு ஏற்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2023இல் தீர்ப்பளித்தது. குறையில்லாத முறை என்று சொல்ல மாட்டேன், பார்ப்பவரின் கண்ணை நம்ப வேண்டியிருக்கிறது. இருந்தாலும் ஓட்டும் நிலையில் இருந்தாரா என்ற சரியான கேள்வியை இதுதான் கேட்கிறது.

எங்கள் மாநில எல்லையில் உள்ள கேம்டனிலிருந்து பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா மாநிலத்தின் பிலடெல்பியா. பென்சில்வேனியாவில் போதை இருந்ததா என்று நிரூபிக்கவே வேண்டாம். கஞ்சாவை உடம்பு சிதைத்த பிறகு மிஞ்சும், போதையே தராத எச்சம் ரத்தத்தில் இருந்தாலும் குற்றம்தான். அதே மாநிலம் 2016இல் மருத்துவக் கஞ்சாவுக்கு அனுமதி தந்தது. அட்டை வைத்திருக்கும் நோயாளிக்கும் இதே சட்டம்தான்! மருந்தையும் கொடுத்துவிட்டு வழக்கும் போடுவது என்ன நியாயம்?

இன்னொன்றைக் கட்டுரை தொடவேயில்லை. விசாவில் இருக்கும் நம்மவர்களுக்குத் தண்டனை வரைக்கும் போக வேண்டியதில்லை. போதையில் ஓட்டியதாகக் கைதானாலே, வழக்கு முடியும் முன்பே, வெளியுறவுத் துறை விசாவை ரத்து செய்யலாம், செய்தும் வருகிறது. மத்தியச் சட்டத்தில் கஞ்சா இன்னும் தடையில்தான் இருக்கிறது. அதனால் கடையில் ரசீதோடு வாங்கினேன் என்று குடியேற்ற அதிகாரியிடம் சொல்வதும் ஆபத்துதான். அடுத்த இதழில் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைக் கொண்டு இதை எழுதச் சொன்னால் இங்குள்ள மாணவர்களுக்கு உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
எடிசன், நியூ ஜெர்சி