கன்னத்தில் ஒரு சென்டிமீட்டர்: எங்கள் உண்டிகோல் சங்கத்தின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, துணைத்தலைவர், பொருளாளர், செயற்குழு நண்பர்களே, காட்பாடி, சத்துவாச்சாரி, அணைக்கட்டு, குடியாத்தம், ஆற்காடு என்று பல பக்கத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியாக வாசிப்பார். உறுப்பினர் சேர்க்கை விவரம் உங்கள் கையில் உள்ள தாளில் இருக்கிறது. நான் பயிற்சியைப் பற்றித்தான் அதிகம் பேசப்போகிறேன். இந்த ஆண்டு நமக்கு நடந்த நல்லதெல்லாம் அங்கேதான் நடந்தது.

சென்ற பேரவையில் ஒரு தீர்மானம் போட்டோம். வேகம், தூரம் இரண்டையும் ஓராண்டுக்கு ஒதுக்கிவைத்துவிட்டு குறியை மட்டும் கவனிப்பது என்று. அதுவரை பாலாற்று மணலில் கூடினால் யாருடைய ரப்பர் தடிமன், யாருடைய கல் எதிர்க்கரையைத் தொட்டது என்பதுதான் பேச்சாக இருந்தது. பத்து மீட்டரில் ஒரு டின்னை வைத்து ஐந்து முறை அடிக்கச் சொன்னால் பாதிப் பேர் தடுமாறினோம். பலம் இருந்தது, குறி இல்லை.

தீர்மானத்தின்படி எல்லோரையும் மூன்று மீட்டருக்கு இழுத்து வந்தோம். அணைக்கட்டு பக்கம் நம் உறுப்பினர் ஒருவரின் மாந்தோப்புக் கொட்டகையில் தீப்பெட்டியை நூலில் கட்டித் தொங்கவிட்டு, ஐந்துக்கு ஐந்து அடித்தால்தான் ஐந்து மீட்டருக்குப் போகலாம், அப்புறம் ஏழு, அப்புறம் பத்து என்று விதி வைத்தோம். "மூணு மீட்டர்ல என்னய்யா விளையாட்டு, கையாலயே எறிஞ்சிடலாமே" என்று மூத்த உறுப்பினர்கள் சிலர் வருத்தப்பட்டார்கள். அவர்களில் பலர் முதல் மாதம் முழுக்க அந்த மூன்று மீட்டரைத் தாண்டவில்லை. கிட்டத்தில் அடிக்கும்போது காற்றையும் வெளிச்சத்தையும் குறை சொல்ல முடியாது. தப்பினால் கைதான் தப்பியது என்று உடனே தெரிந்துவிடும்.

கை எங்கே தப்புகிறது என்று பார்த்தபோது முதலில் அகப்பட்டது கன்னம். ரப்பரை இழுத்து நிறுத்தும் இடம் ஒவ்வொரு முறையும் ஒன்றாக இருக்க வேண்டும். சிலர் வாயோரம், சிலர் கன்ன எலும்பு, சிலர் காதுமடலுக்குக் கீழே என்று வைத்துக்கொள்ளலாம். எது என்பது அவரவர் முகவாகு. ஆனால் தேர்ந்துகொண்ட பிறகு மாற்றக்கூடாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். உண்டிகோலின் கவட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவே 80 செ.மீ. இழுப்பு என்றால், கன்னத்தில் பிடி 1 செ.மீ. மேலோ கீழோ நகர்ந்தால் 10 மீட்டர் தள்ளி உண்டை சுமார் 12 செ.மீ. விலகும். ஒரு குளிர்பான டின்னின் அகலம் ஏழு செ.மீ. கூட இல்லை. கவனமாகப் பார்த்து அடித்தும் டின் அசையாமல் நின்றதற்கு இதுதான் காரணம்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் கொசப்பேட்டையிலிருந்து மகனோடு வரும் நம் சகோதரி. தன் மகனின் கன்ன எலும்பில் ஒரு ஸ்டிக்கர் பொட்டை ஒட்டிவிட்டு, "கட்டைவிரல் முட்டி இதுல பட்டா மட்டும் விடு, படலன்னா ரப்பரைத் தளர்த்தி இறக்கிடு" என்றார். விரல் முட்டியில் அந்தச் சின்ன மேடு தட்டுப்படுகிறது, கண் குறியை விட்டு நகர வேண்டியதில்லை. அடுத்த வாரமே நரைத்த மீசைக்காரர்கள் வரிசையில் நின்று பொட்டு ஒட்டிக்கொண்டார்கள். இரண்டு மூன்று மாதத்தில் பொட்டில்லாமலே விரல் அந்த இடத்தைத் தேடிப் போகப் பழகிவிட்டது. இந்த ஆண்டின் சிறந்த யோசனை என்று செயற்குழு ஒருமனதாக இதைப் பதிவு செய்கிறது.

அடுத்து கண். இரண்டு கைகளையும் நீட்டி, விரல்களுக்கு நடுவே சின்ன முக்கோண இடைவெளி விட்டு, அதன் வழியாகச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கண்ணாக மூடச் சொன்னோம். எந்தக் கண் திறந்திருக்கும்போது கடிகாரம் இடைவெளிக்குள்ளேயே நிற்கிறதோ அதுதான் குறி பார்க்கும் கண். வலக்கைக்காரர்கள் சிலருக்கு இடக்கண் ஓங்கியிருந்தது. எவ்வளவு முயன்றும் அவர்கள் அடி ஒரே பக்கம் விலகிய காரணம் அப்போதுதான் புரிந்தது. அவர்களைக் கை மாற்றிப் பிடிக்கச் சொன்னோம். முதலில் கஷ்டம்தான். இப்போது அவர்களே புதியவர்களுக்கு இந்தச் சோதனையைச் செய்து காட்டுகிறார்கள்.

பிடிக்கும் முறையிலும் ஒரு மாற்றம். கவட்டையை நிமிர்த்திப் பிடிக்காமல் பக்கவாட்டில் சாய்த்து, மேல் கொம்பின் நுனியைக் குறிமுள்போல வைத்துப் பார்க்கப் பழகினோம். ரப்பர் பட்டைகள் கண்ணுக்கு நேர்கீழே ஒரே கோடாகத் தெரிந்தால் இடவலம் தப்பாது. மிச்சம் இருப்பது ஏற்ற இறக்கம் மட்டும். நொடிக்கு 60 மீட்டர் வேகத்தில் போகும் உண்டை 10 மீட்டரில் ஏறக்குறைய 14 செ.மீ. இறங்கிவிடும். 20 மீட்டரில் அது அரை மீட்டருக்கும் மேல். தூரம் இரட்டித்தால் இறக்கம் நான்கு மடங்காகும் என்பதால்தான் ஒவ்வொரு தூரத்துக்கும் கொம்பு நுனியை எங்கே வைப்பது என்று தனித்தனியே பழக வேண்டியிருக்கிறது.

ஆனால் எல்லோரும் இப்படிக் குறிமுள் வைத்துத்தான் அடிக்க வேண்டும் என்றில்லை. தலைமுறையாக உண்டிகோலில் தேர்ந்த நரிக்குறவர் சமூகத்துப் பெரியவர் ஒருவர் நம் அழைப்பை ஏற்றுக் கொட்டகைக்கு வந்தார். அவர் கொம்பு நுனியைப் பார்ப்பதே இல்லை. குறியில் ஒரு புள்ளியைப் பிடித்துக்கொண்டு அதை மட்டும் பார்க்கிறார், கை தானாகப் போகிறது. தொங்கிய மூடிகள் ஒவ்வொன்றாகச் சுண்டின. அவர் கையை நான் அருகில் நின்று பார்த்தேன். ஒவ்வொரு முறையும் விரல் தாடையில் அதே இடத்துக்குத்தான் வந்து நின்றது. உண்டை பட்டுச் சத்தம் கேட்கும்வரை கவட்டை பிடித்த கை இம்மியும் அசையவில்லை. நம்மில் பலர் விட்டவுடன் கையை இறக்கி எட்டிப் பார்க்கிறோம். அவர் போன பிறகு அந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்கே ஒரு மாதம் ஒதுக்கினோம்.

விடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். உண்டையை வைத்து இழுக்கும் தோல் துண்டைக் கிள்ளி எறிவதுபோல விடுகிறவர்களே அதிகம். கைப்பேசியில் மெதுவோட்டப் படம் எடுத்துக் காட்டினோம். விடும் கணத்தில் தோல் ஒரு பக்கம் சுழிந்து, உண்டை கோணலாகக் கிளம்புவது நன்றாகத் தெரிந்தது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இறுக்கத்தை மட்டும் தளர்த்தினால் போதும், ரப்பரே தோலைப் பிடுங்கிக்கொண்டு போகும். உண்டை தோலின் சரிநடுவில் உட்கார வேண்டும், இரண்டு பட்டையும் ஒரே நீளம் இருக்க வேண்டும். உண்டை கவட்டையில் மோதுவதும் கட்டைவிரல் வீங்குவதும் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்று பிசகுவதால்தான்.

ரப்பருக்கு வருவோம். சைக்கிள் டியூப்பை வெட்டிக் கட்டும் பழக்கத்தை விட்டுவிட்டோம். இப்போது வரும் டியூப்கள் பெரும்பாலும் பியூட்டைல் ரப்பர். காற்றை நன்றாகப் பிடித்து வைக்கும், இழுத்து விட்டால் சோம்பலாகத்தான் திரும்பும். இயற்கை ரப்பரில் வரும் 0.5 முதல் 0.7 மி.மீ. லேடெக்ஸ் தாளுக்கு மாறினோம். 80 செ.மீ. இழுப்புக்கு, கவட்டைக் கட்டிலிருந்து தோல்வரை 16 செ.மீ. பட்டை, அதாவது ஐந்து மடங்கு நீட்டம். ரப்பர் நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பவர்கள் 18, 20 செ.மீ. வைத்துக்கொள்கிறார்கள். கவட்டைப் பக்கம் 20 மி.மீ. அகலம், தோல் பக்கம் 12 மி.மீ. என்று குறுக்கி வெட்டினால் பட்டை சுறுசுறுப்பாகத் திரும்புகிறது. கத்தரிக்கோலால் வெட்டினால் ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு விழும், அங்கிருந்துதான் கிழியும். உருளும் பிளேடு ஒன்றைச் சங்கம் வாங்கி வைத்திருக்கிறது, தயவுசெய்து அதையே பயன்படுத்துங்கள்.

தோலுக்கு நாம் வெளியூர் போக வேண்டியதில்லை. ஆம்பூர், பேர்ணாம்பட்டுப் பக்கம் வேலை செய்யும் உறுப்பினர்கள் கொண்டுவந்து தரும் ஆட்டுத்தோல் துண்டுகள் மெல்லியவை, உறுதியானவை. அவர்களுக்கு நன்றி.

நம் ஊர் வெயில் ரப்பருக்கு எமன். அக்னி நட்சத்திரத்தில் உண்டிகோலை வண்டிப் பெட்டிக்குள் போட்டு வைத்தால் சில நாட்களிலேயே பட்டையில் மயிரிழை வெடிப்பு வந்துவிடும். மே மாதம் பயிற்சியின்போது ஒரு உறுப்பினரின் பட்டை தோல் பக்கம் அறுந்து முகத்தில் அடித்தது. கண்ணாடி போட்டிருந்ததால் கண் தப்பியது, கண்ணாடியில் கோடு விழுந்திருக்கிறது. அந்தக் கண்ணாடியைக் கொட்டகை வாசலில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறோம். கண்ணாடி இல்லாமல் யாரும், பார்வையாளர் உட்பட, கயிற்றுக்கு உள்ளே வர முடியாது. இழுப்பதற்கு முன் கட்டு இருக்கும் இரண்டு முனைகளையும் வெளிச்சத்தில் நீட்டிப் பார்ப்பது இனி கட்டாயம்.

உண்டையைப் பொறுத்தவரை, கண்டெடுத்த கல்லைப் போட்டு அடிப்பதை அடியோடு நிறுத்தியாகிவிட்டது. ஒவ்வொரு கல்லும் ஒவ்வொரு எடை, ஒவ்வொரு வடிவம், அதில் குறி பழக முடியாது. கொட்டகைக்குள் 8 மி.மீ. இரும்புக் குண்டு, சுமார் 2 கிராம். பின்னால் பழைய குடியாத்தம் லுங்கிகளை இரண்டு அடுக்காகத் தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறோம். இழுத்துக் கட்டினால் குண்டு துளைத்துவிடும், தளர்வாக விட்டால் வேகம் செத்துக் கீழே பெட்டியில் விழுகிறது. வெளியில் அடிக்க மண் உண்டை மட்டும்தான். ஏரி வண்டலைப் பிசைந்து உருட்டி நிழலில் காயவைத்தால் போதும், மழையில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். கரிகிரியில் மண்பாண்டம் செய்யும் குடும்பத்தார் மண்ணைச் சலித்துப் பதம் பார்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். அதற்குப் பிறகு நம் உண்டைகள் நடுவானில் உடைவதில்லை.

காணும் பொங்கலன்று நடந்த போட்டியில் டின், பாட்டில் மூடி, கடைசிச் சுற்றாகத் தீக்குச்சி. வெளிநாட்டு உண்டிகோல்காரர்கள் குண்டு உரசித் தீக்குச்சியைப் பற்றவைப்பதைச் சிலர் பார்த்துவிட்டு அதையே வைக்கச் சொன்னார்கள். அவர்கள் பயன்படுத்துவது எங்கே உரசினாலும் பற்றும் குச்சி. நம் ஊர்ப் பெட்டியில் இருப்பது பாதுகாப்புத் தீக்குச்சி, பற்றவைக்கப் பெட்டியின் பக்கவாட்டில் பூசியிருக்கும் சிவப்புப் பாஸ்பரஸ் வேண்டும். ஆகவே குச்சியின் தலையைத் துண்டித்தால் வெற்றி என்று வைத்தோம். மாலை வெயிலில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் நம் உறுப்பினர் மகள் அதைச் செய்தாள். குச்சி நட்ட களிமண் அசையவில்லை, மருந்துத் தலை மட்டும் காணவில்லை. கொட்டகையில் எழுந்த சத்தம் அணைக்கட்டுச் சாலைவரை கேட்டிருக்கும்.

இனி ஒரு கண்டிப்பான செய்தி. பறவை, அணில், ஓணான், குரங்கு, தெருநாய் எதன் மேலும் உண்டிகோலைத் திருப்பக்கூடாது என்பது நம் முதல் விதி. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டமும் வேட்டையைத் தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நாம் இதைத்தான் சொல்வோம். இந்த ஆண்டு ஒருவர் கொக்கை அடித்ததாகத் தெரிந்தது, விசாரித்தோம், ஒப்புக்கொண்டார், நீக்கினோம். கடுமை என்று சிலர் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நம் மாவட்டத்து வள்ளிமலையில்தான் வள்ளி தினைப்புனம் காத்தாள் என்று சொல்கிறோம். பரண் மேல் நின்று ஆலோலம் பாடி, கவண் கல் வீசிப் பறவைகளை அவள் விரட்டினாள். கதிரைக் காப்பதற்குக் கல் சத்தம் போதுமானதாக இருந்தது. அந்த மண்ணில் நின்று பொழுதுபோக்குக்காக ஒரு கொக்கைக் கொல்வதை என்னால் ஏற்க முடியாது.

ஒரு பள்ளியில் செயல்விளக்கம் நடத்தினோம். தலைமையாசிரியர் முதலில் தயங்கினார், மண் உண்டையும் கண்ணாடியும் தடுப்புத் துணியும் பார்த்த பிறகு சம்மதித்தார். பிள்ளைகள் முதலில் உறுதிமொழி எடுத்தார்கள், பிறகுதான் கவட்டையைத் தொட்டார்கள்.

வரும் ஆண்டுக்குச் செயற்குழு முன்வைப்பவை: பத்து மீட்டரில் ஐந்துக்கு ஐந்து அடித்தவர்களுக்கு 15, 20 மீட்டர் பயிற்சி, பெண்களுக்குத் தனியாகக் காலை நேரம், கொய்யா, புளியங்கவட்டைகளை நிழலில் ஆற வைத்துச் செதுக்கும் பட்டறை ஒன்று. வெட்டியவுடன் வெயிலில் போட்ட கவட்டைகள் பல இந்த ஆண்டு வெடித்து வீணாயின. கொட்டகையின் கூரை ஓடுகளை மழைக்கு முன் மாற்றவும் பணம் ஒதுக்க வேண்டும்.

இடம் தந்த தோப்புக்காரருக்கும், ஞாயிறுதோறும் டீயும் சுண்டலும் கொடுத்த அவர் வீட்டாருக்கும், தோலும் லுங்கியும் மண்ணும் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. இந்த அறிக்கையை ஏற்று நிறைவேற்றித் தருமாறு பேரவையைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்
வேலூர்