பயாஸ் அப்டேட்டால் முடங்கிய கம்ப்யூட்டர்: புகார்

பெறுநர்: மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பயாஸ் (கம்ப்யூட்டரை ஆன் செய்ததும் முதலில் ஓடும் அடிப்படை மென்பொருள்) அப்டேட்டுக்குப் பிறகு கம்ப்யூட்டர் ஒழுங்காக இயங்காதது குறித்து

ஐயா / அம்மா,

வணக்கம். இதே விஷயத்தைச் சாட்டில் எழுதியாகிவிட்டது, போனில் சொல்லியாகிவிட்டது, சர்வீஸ் சென்டர் கவுண்டரில் நின்றும் சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிதாக ஒரு புகார் எண் தருகிறார்கள். பழைய எண்ணைத் 'தீர்க்கப்பட்டது' என்று மூடிவிடுகிறார்கள். எதுவும் தீரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

அந்த பயாஸ் அப்டேட்டை நான் எங்கேயோ தேடிப் பிடித்து இறக்கவில்லை. நீங்கள் கம்ப்யூட்டரோடு போட்டுக் கொடுத்த செயலிதான் 'மிக அவசியம்' என்று காட்டியது. பாதியில் மின்சாரத்தை நிறுத்தக் கூடாது என்றது, நிறுத்தவில்லை. 100 சதவீதம் முடிந்து, கம்ப்யூட்டர் தானாக ரீஸ்டார்ட் ஆனது. அப்புறம் விண்டோஸ் வரவில்லை. பூட் செய்ய, அதாவது விண்டோஸைத் தொடங்க, டிஸ்க் எதுவும் இல்லை என்று ஒரு வரி மட்டும் கறுப்புத் திரையில் நின்றது.

கஸ்டமர் கேரில் முதலில் சொன்ன பதில், ஹார்ட் டிஸ்க் போய்விட்டது என்பது. அதே டிஸ்க்கை இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்தேன், எல்லா ஃபைலும் திறக்கிறது. அதைச் சொன்னால், அடுத்து பேசியவர் ஃபார்மேட் செய்யச் சொல்கிறார். டிஸ்க் நன்றாக இருக்கும்போது எதற்கு ஃபார்மேட்?

காரணத்தைக் கண்டுபிடித்தது உங்கள் ஆட்கள் இல்லை, கம்ப்யூட்டர் ரிப்பேர் செய்யும் என் நண்பர். அப்டேட் எல்லா செட்டிங்கையும் மாற்றி வைத்திருக்கிறது. என் டிஸ்க் எம்பிஆர் என்ற பழைய முறையில் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டது. அது பூட் ஆக, பழைய முறை டிஸ்க்குகளை ஏற்கும் சிஎஸ்எம் என்ற பயாஸ் செட்டிங் ஆனில் இருக்க வேண்டும், அதை உங்கள் அப்டேட் அணைத்துவிட்டது. டிஸ்க்கோடு கம்ப்யூட்டர் பேசும் முறையான சாட்டா மோடையும் ஏஎச்சிஐயிலிருந்து, பல டிஸ்க்குகளைச் சேர்த்து இயக்கும் ரெய்டுக்கு மாற்றியிருக்கிறது. சிஎஸ்எம்மை மட்டும் ஆன் செய்தால் நீலத் திரையில் 'இன்ஆக்சஸிபிள் பூட் டிவைஸ்' (பூட் டிஸ்க்கை அணுக முடியவில்லை) என்று நிற்கிறது. இரண்டையும் சரிசெய்தால் விண்டோஸ் வருகிறது. ஆனால் பிளக்கைப் பிடுங்கி மறுபடி போட்டால் இரண்டும் திரும்பவும் மாறிவிடுகின்றன.

பிளக் இல்லாதபோதும் கடிகாரத்தையும் செட்டிங்கையும் காக்கும் சிமாஸ் பேட்டரி தீர்ந்திருக்கும் என்று கஸ்டமர் கேரில் சொன்னார்கள். சரி என்று புது சிஆர்2032 வாங்கிப் போட்டேன். ஒரு மாற்றமும் இல்லை. பிளக்கைப் பிடுங்கினாலும் கடிகாரம் சரியான நேரத்தைக் காட்டுகிறது. பேட்டரி தீர்ந்திருந்தால் நேரமும் தேதியும்தானே முதலில் போகும்? இதைக் கேட்டதற்கு இன்று வரை பதில் இல்லை. உங்கள் பயாஸை எழுதியது உங்கள் இன்ஜினியர்கள். அவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இதெல்லாம் முதல் நாளே தெரிந்திருக்கும்.

இதையெல்லாம் விட மனதை நோகடித்தது சர்வீஸ் சென்டர் கவுண்டரில் இருந்தவர் பேசிய பேச்சு. பயாஸ் சிப்பை அங்கே புரோகிராமர் கருவியில் மாட்டிப் பழைய பதிப்பை எழுதித் தருவார்கள் என்று போனில் சொல்லித்தான் என்னை அனுப்பினார்கள். கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு போனால், அந்தக் கருவியே இங்கே கிடையாது என்கிறார். மூடியைக்கூடத் திறக்கவில்லை. "இவ்வளவு பழைய மெஷினுக்கு யாருங்க டைம் வேஸ்ட் பண்ணுவாங்க? புதுசா ஒண்ணு வாங்கிடுங்க" என்று நின்றிருந்த எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார். பழைய மெஷின் என்றால் அதற்கு ஏன் அப்டேட் அனுப்பினீர்கள்? அனுப்பும்போது பழையதாகத் தெரியவில்லையா?

வாரன்டி முடிந்துவிட்டது என்பது இன்னொரு பதில். நாளாகித் தேய்ந்து பழுதான பாகத்துக்கு அதைச் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். முந்தின நாள் வரை ஓடிய கம்ப்யூட்டரை முடக்கியது நீங்கள் அனுப்பிய ஃபைல்.

பழைய பதிப்பு உங்கள் இணையதளத்திலேயே இருக்கிறது. இறக்கிப் போட்டுப் பார்த்தால், முந்தைய பதிப்புக்குப் போக அனுமதி இல்லை என்று மறுக்கிறது. பாதுகாப்பு ஓட்டை உள்ள பதிப்புக்கு யாரும் திரும்பிவிடக் கூடாது என்று தடுத்திருப்பீர்கள். புரிகிறது. அப்படியானால் இந்தக் கோளாறைச் சரிசெய்து அடுத்த பதிப்பைக் கொடுங்கள். முன்னேயும் விடாமல் பின்னேயும் விடாமல் நடுவில் நிறுத்திவிட்டு 'தீர்க்கப்பட்டது' என்று எழுதாதீர்கள்.

என் பிழைப்பே இந்தக் கம்ப்யூட்டரில்தான். வந்த வேலையெல்லாம் கைவிட்டுப் போனது. காலமெல்லாம் சேர்த்த நல்ல பெயர் மொத்தமும் இந்த ஒரு அப்டேட்டில் அழிந்துவிட்டது. இதற்கு என்ன ஈடு கொடுப்பீர்கள்?

தயவுசெய்து இந்தப் புகாரை பயாஸ் எழுதும் பிரிவுக்கே அனுப்புங்கள். சரிசெய்த பதிப்பைத் தாருங்கள், இல்லையென்றால் உங்கள் செலவில் சிப்பில் பழைய பதிப்பை எழுதித் தாருங்கள். அதுவரை இந்த மாடலுக்கு அந்த அப்டேட்டை நிறுத்தி வையுங்கள். என்னைப் போல இன்னொருவர் மாட்டிக்கொள்ளக் கூடாது. கவுண்டரில் அப்படிப் பேசியவர் என்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

இரண்டு வாரத்துக்குள் பதில் வரவில்லை என்றால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன். சாட் பதிவுகள், புகார் எண்கள், திரையைப் பிடித்த படங்கள் எல்லாம் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அந்த அளவுக்குப் போக எனக்கு விருப்பமில்லை, நீங்களும் போக வைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பதிலை எழுத்தில் அனுப்புங்கள். போனில் வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்