'சிவகங்கைச் சீமை'க்கு ஒரு திரை கொடுங்கள்

ஆசியத் திரைப்படக் காப்பகத்தின் திரையிடல் குழுவினருக்கு வணக்கம்.

ஏப்ரல் மாதத் தமிழ்மொழி விழாவை ஒட்டி, கண்ணதாசன் தயாரித்து கே. சங்கர் இயக்கிய 'சிவகங்கைச் சீமை'யைத் திரையிட வேண்டுகிறோம். 1959 மே 16இல் 'வீரபாண்டிய கட்டபொம்மன்' வண்ணத்தில் வந்தது. மூன்றே நாளில், மே 19இல், கறுப்பு வெள்ளையில் இந்தப் படம் வந்தது. சிவாஜியின் முழக்கத்துக்கு ஊரே திரண்டிருந்த வாரம் அது. இது வசூலில் எடுபடவில்லை. படத்தின் தரத்தையே அந்த வசூலை வைத்து எடைபோட்டுவிட்டார்கள் என்பதுதான் எங்கள் ஆதங்கம்.

கட்டபொம்மன் 1799இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டதோடு ஆங்கிலேயருக்கு எதிரான போர் ஓயவில்லை. 1801 பிப்ரவரியில் அவர் தம்பி ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பினார். இடிக்கப்பட்ட பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை மறுபடி எழுந்து, மே மாதம் மீண்டும் விழுந்தது. அடைக்கலம் தேடி வந்தவரைச் சிவகங்கையை ஆண்ட மருது சகோதரர்கள் ஏற்றார்கள். அக்டோபர் 24இல் திருப்பத்தூரில் தூக்குமேடை ஏறினார்கள். கண்ணதாசன் எடுத்துக்கொண்டது இந்தக் கதையை. வந்தவனைக் காட்டிக்கொடுக்காத ஒரு சீமை அதற்கு என்ன விலை கொடுத்தது என்பதே இதன் உயிர். தமிழில் வேறெந்தப் போர்ப்படத்தையும்விட இது நம் மனத்தை அறுப்பது அதனால்தான்.

படத்தின் படி (பிரதி) தேடும்போது சில விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். பழைய தொலைக்காட்சிப் பதிவுகளில் நொடிக்கு 24 சட்டம் (ஃபிரேம்) ஓடவேண்டிய படத்தை 25இல் ஓட்டியிருப்பார்கள். மணிக்கு 2 நிமிடம் 24 நொடி குறையும். அதைவிட மோசம், சுருதி ஏறத்தாழ அரைக் கட்டை ஏறிவிடும். விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் எஸ். வரலட்சுமியும் டி. எஸ். பகவதியும் பாடும் 'தென்றல் வந்து வீசாதோ' அப்போது கீச்சென்று ஒலிக்கும். நீளத்தையும் சுருதியையும் முதலில் சரிபாருங்கள்.

அடுத்தது சட்ட அளவு. அகலம் 1.37, உயரம் 1 என்ற விகிதத்தில் எடுத்த படத்தை அகலத்திரைக்காக வெட்டினால் உயரத்தில் நான்கில் ஒரு பங்கு போய்விடும். குமாரி கமலாவின் நடனத்தில் பாதங்களே தெரியாது. இழுத்து அகலமாக்கினாலோ எல்லாரும் குள்ளமாகத் தெரிவார்கள். இரு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்துவிட்டுப் போகட்டும்.

இரைச்சல் நீக்கும் மென்பொருளை அளவோடு பயன்படுத்தச் சொல்லுங்கள். அது மிஞ்சினால் சகர ஒலிகள் மழுங்கும், கண்ணதாசன் வசனத்தின் கூர்மையே போகும். முகங்களும் மெழுகு பூசினதுபோல் ஆகிவிடும். 35 மி.மீ. படியே கிடைத்தால் பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாடை அடிக்கிறதா என்று பாருங்கள். அசிட்டேட் சுருள் வெப்பத்திலும் ஈரத்திலும் சிதைந்து சுருங்கும். ஒரு விழுக்காடு சுருங்கியதை ஒளிவீழ்த்தியில் ஏற்றினால் பற்சக்கரம் துளைகளைக் கிழித்துவிடும். உங்களுக்கு இது புதிதல்ல, ஆனால் படியை அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் சொல்வதில்லை.

ஆங்கில வசனவரி பாடல்களுக்கும் வேண்டும். கதையின் பாதி பாட்டில்தான் இருக்கிறது. எழுத்துகளுக்கு மெல்லிய கறுப்பு விளிம்பு கொடுங்கள். இல்லையென்றால் வெள்ளை வேட்டிகளின் மேல் அவை காணாமல் போய்விடும்.

பார்வையாளர்களுக்கு ஒரு பக்கத் துண்டறிக்கையும் கொடுக்கலாம். 1802 பிப்ரவரியில், சின்ன மருதுவின் மகன் துரைசாமி உட்பட எழுபதுக்கும் மேற்பட்டோரைத் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தினார்கள். ஈட்டி எறியவும் வளரி என்னும் வளைதடி வீசவும் சின்ன மருதுவிடம் கற்ற ஜேம்ஸ் வெல்ஷ் என்ற ஆங்கிலேய அதிகாரி, 1818இல் பினாங்கில் அந்த மகனைச் சந்தித்ததைத் தம் நூலில் எழுதியிருக்கிறார். பின்னாளில் சிங்கப்பூரோடு ஒரே ஆங்கிலேய ஆட்சிப் பகுதியான நீரிணைக் குடியேற்றத்தில் சேர்ந்த ஊர் பினாங்கு. இங்குள்ள பள்ளி மாணவர்களுக்கு இது கட்டாயம் தெரியவேண்டும்.

இரண்டு படங்களையும் அடுத்தடுத்த நாள்களில் வைத்தால் இன்னும் நல்லது. சனிக்கிழமை கட்டபொம்மன், ஞாயிறு சிவகங்கை. இந்த வரிசை மாறவேண்டாம்.

இப்படிக்கு,
சிங்கப்பூரின் பழந்தமிழ்ப் பட அன்பர்கள்